நான் வளர்த்த தேனீக்கள்

வண்டினத்திற்குத் தமிழில் எத்தனை பெயர்கள் உண்டு என்று யாரேனும் வினவினால், அளி, அறுகால், சுரும்பு, ஞிமிறு, மிஞிறு, தும்பி என்று உறக்கத்திலும் தடையின்றிச் சொல்வேன். 34 ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்து இவ்வரிசையை எத்தனையோ வகுப்புகளுக்கு ஒப்பித்திருக்கிறேன். குறுந்தொகையின் 2 ஆம் பாடல் ஒரு தும்பியை விளித்துப் பாடியது. அதனைக் கற்பிக்கும் நாளில் வகுப்பறையே மணக்கும்படி மலர்களைப் பற்றிப் பேசுவேன். ஆனால், மாணவர்களே, அறுபது வயது நிரம்பும்வரை ஒரு தேனீயையேனும் அருகிலிருந்து நோக்கியவன் அல்லேன்.

இக்குறையை எனக்கு உணர்த்தியவள் என் பெயர்த்தி. அப்போது அவள் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலை, சிற்றுண்டிக்குத் தேன் தொட்டுக்கொண்டிருந்தவள், "தாத்தா, தேன் பூவில் இருக்கிறதா? ஈ அதைச் செய்கிறதா?" என்று கேட்டாள். பூவில் இருப்பதை ஈ எடுத்து வருகிறது என்றேன். "அப்படியானால் பூவைப் பிழிந்தால் இந்தத் தேன் வருமா?" என்று மீண்டும் கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் நா எழவில்லை. அன்று தொடங்கிய ஆராய்ச்சிதான் எங்கள் வீட்டு மாடிக்கு ஒரு தேனீப் பெட்டியைக் கொண்டுவந்தது.

எங்கள் வீடு மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலுக்கு அண்மையில் உள்ள ஒரு பழைய ஓட்டு வீடு. பின்கட்டில் மட்டும் ஒரு சிறு மொட்டைமாடி உண்டு. கொல்லையில் இரண்டு தென்னையும் ஒரு முருங்கையும் நிற்கின்றன. நகரின் நடுவில் தேனீ வாழுமா என்று பலரும் ஐயுற்றனர். நானும் ஐயுற்றேன். ஆனால் நம் நாட்டுத் தேனீ இரை தேடி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவு செல்ல வல்லது. எங்கள் வீட்டைச் சுற்றி அவ்வளவு தொலைவிற்கு ஒரு வட்டம் வரைந்து பார்த்தேன். கோயிலின் தலமரமாகிய புன்னை, லஸ் பகுதியின் நாகேசுவரராவ் பூங்கா, தெருவோரங்களில் புங்கும் வேம்பும் தூங்குமூஞ்சியும், வீட்டுக்கு வீடு தென்னை என்று அவ்வட்டம் நிறைந்திருந்தது. தென்னை ஆண்டு முழுவதும் பாளை விடுவது. புங்கும் வேம்பும் பங்குனி, சித்திரையில் பூத்துச் சொரிவன. மனிதர்க்குக் கட்டடக் காடாகத் தோன்றும் மயிலை, தேனீக்கு அவ்வளவு வறண்ட ஊர் அன்று.

தேனீக்களுள் சில வகைகள் உண்டு. மலைத்தேனீ பெரியது, உயர்ந்த கிளைகளிலும் பாறைகளிலும் ஒற்றை அடையாகப் பெருங்கூடு கட்டும், சினம் மிக்கது, வளர்ப்பதற்கு உரியதன்று. கொம்புத்தேனீ புதர்க்கிளைகளில் கையகல அடை கட்டும். கொசுத்தேனீ மிகச் சிறியது, கொட்டும் முள் இல்லாதது. இவற்றிற்கு இடைப்பட்டது அடுக்குத்தேனீ எனப்படும் இந்தியத் தேனீ. மரப்பொந்திலும் சுவர்ப்பொந்திலும் இருட்டில் பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டுவதால் அதற்கு அப்பெயர் வந்தது. பெட்டியில் அடங்கி வாழும் இயல்பு இதற்கு உண்டு. மேனாட்டிலிருந்து வந்த இத்தாலியத் தேனீயும் இன்று பரவலாக வளர்க்கப்படுகிறது; அதற்குப் பெரிய பெட்டியும் பரந்த பூக்காடும் வேண்டும்.

பெட்டியின் வரலாறு சுவையானது. பழைய நாளில் தேன் எடுப்பது என்றால் அடையை அறுத்து, முட்டையும் புழுவும் சேரப் பிழிவதுதான். குறிஞ்சித்திணையின் தொழில்களுள் ஒன்றைத் 'தேனழித்தல்' என்று இலக்கண நூலார் குறித்தனர். அச்சொல்லின் பொருத்தம் எனக்குப் பெட்டி வாங்கிய பின்னரே விளங்கியது. தேனை எடுத்தல் என்பது அன்று உண்மையிலேயே ஒரு குடியை அழித்தலாக இருந்தது. (அடைக்கு இறால் என்றொரு பழம்பெயரும் உண்டு. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் கடல் இறாலை எண்ணிச் சிரிப்பர்.) 1851 இல் அமெரிக்க நாட்டு லாங்ஸ்டிராத் என்பவர் ஒன்றைக் கண்டார். இரண்டு அடைகளுக்கு இடையே, தான் நடந்து செல்வதற்கென்று தேனீ 6 முதல் 9 மில்லிமீட்டர் வரை வழி விடுகிறது. வழி இதனினும் குறுகினால் அடைத்துவிடும். அகன்றால் அங்கும் அடை கட்டிவிடும். இவ்வளவை மாறாது காத்துச் சட்டங்களைத் தொங்கவிட்டால், ஒவ்வொரு சட்டத்திலும் ஓர் அடை தனித்தனியே அமையும். வேண்டும்போது எடுத்துப் பார்க்கலாம், திரும்பவும் வைக்கலாம். ஓர் உயிரும் மடிய வேண்டியதில்லை.

நம் தேனீ உருவில் சிறியது. ஆதலின் மேனாட்டுப் பெட்டி அதற்குப் பொருந்தவில்லை. இந்தியத் தேனீக்கு ஏற்ற சிறு பெட்டியை அமைத்தவர் திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்த இயேசு சபைத் துறவியாகிய நியூட்டன் பாதிரியார். 1911 முதல் 1917 வரை அவர் தென்னாட்டில் பலருக்குத் தேனீ வளர்ப்புப் பயிற்சி அளித்தார். இன்றும் அப்பெட்டி நியூட்டன் பெட்டி என்றே வழங்குகிறது. 1920களில் மார்த்தாண்டத்தில் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் கிராமச் சீரமைப்பு நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் இத்தொழிலைச் சிற்றூர்தோறும் பரப்பினார். குமரி மாவட்டம் இன்றளவும் தேனுக்குப் பெயர் பெற்று விளங்குவதற்கு அதுவே தொடக்கம்.

என் பெட்டியும் அம்மாவட்டத்திலிருந்தே வந்தது. அதனைத் தந்தவர் என் பழைய மாணவர் ஒருவரின் உறவினர்; நாற்பதைக் கடந்தவர்; தலைமுறையாகத் தேனீ வளர்ப்பவர். தை மாதத்தில் ஒரு நாள், பெட்டியின் வாயிலைக் கம்பிவலையால் அடைத்து, இரவோடிரவாகப் பயணம் செய்து விடியற்காலையில் வந்து சேர்ந்தார். மாடியின் கிழக்கு மூலையில், தென்னங்கீற்றுப் பந்தலின் நிழலில், நான்கு கால் கொண்ட ஒரு தாங்கியின்மேல் பெட்டியை வைத்தோம். எறும்பு ஏறாதபடி ஒவ்வொரு காலையும் ஒரு நீர்க்கிண்ணத்தில் நிறுத்தினோம். கீழே அடிப்பலகை, அதன்மேல் ஏழு சட்டங்கள் கொண்ட புழு அறை, அதன்மேல் உயரம் குறைந்த தேன் அறை, அதற்கும்மேல் மூடி: இவ்வளவே பெட்டி.

விடைபெறும்போது அவர் எனக்கு மூன்று செய்திகள் சொன்னார். "ஐயா, பத்து நாளைக்கு ஒருமுறைக்குமேல் பெட்டியைத் திறக்காதீர்கள். கிண்ணத்தில் நீர் வற்றவிடாதீர்கள். மழைக்காலத்தில் சர்க்கரைப்பாகு வையுங்கள்." மூன்றையும் ஒரு தாளில் எழிலாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். எழுதி ஒட்டுவதில் நாங்கள் ஆசிரியர்கள் வல்லவர்கள்.

முதற்கட்டளையை முதல் வாரத்திலேயே மீறினேன். நாள்தோறும் மூடியைத் திறந்து பார்க்கவேண்டும் என்னும் ஆவலை அடக்க இயலவில்லை. ஆறாம் நாள் ஒரு தேனீ என் புறங்கையில் கொட்டிற்று. உடனே மற்றொன்று, பின்னும் இரண்டு. கொட்டிய இடத்தில் நன்கு கனிந்த வாழைப்பழத்தின் மணம் போன்ற ஒன்றை உணர்ந்தேன். மயக்கம் என்று எண்ணினேன். பின்னர்க் கற்றறிந்தேன்: கொட்டும் தேனீ ஒரு மணப்பொருளை வெளிவிடுகிறது; 'பகைவன் இங்கே இருக்கிறான்' என்று ஏனையவற்றை அழைக்கும் முரசு அது. வாழைப்பழ மணத்திற்குக் காரணமான பொருளே அதிலும் முதன்மையாக உள்ளதாம். புகை காட்டினால் தேனீக்கள் அடங்குவதற்கு ஒரு காரணம், புகையின் நெடி அம்மணத்தை மறைத்துவிடுவதே. தேனீயின் முள் பின்னோக்கிய கூர்கள் உடையது; தோலில் சிக்கிக்கொள்ளும்; தேனீயோ அதனைப் பறிகொடுத்து இறந்துபடும். முள்ளைக் காலம் தாழ்த்தாமல் நகத்தால் பக்கவாட்டில் வழித்தெறிந்துவிட வேண்டும். சிலர் உடம்பு தேனீ நஞ்சை ஏற்பதில்லை. கொட்டப்பட்டவர்க்கு மூச்சுத் திணறினாலும் முகம் வீங்கினாலும் நேரே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். ஆதலின் மாணவர்களே, பெரியவர் துணையும் முகவலையும் இன்றி நீங்கள் ஒரு கூட்டை அணுகுதல் கூடாது.

அதன்பின் திறப்பதைக் குறைத்துக்கொண்டேன். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் அமர்ந்து வாயிலை மட்டும் நோக்கினேன். அதிலேயே ஒரு நூல் அளவு செய்தி இருந்தது. பின்கால்களில் மஞ்சள் நிற மகரந்தப் பொதி சுமந்து வருவன சில. வயிறு நிறைய மதுவோடு தாழப் பறந்து வருவன சில. வாயிலில் நின்று சிறகால் விசிறிக்கொண்டே இருப்பன சில. பெட்டிக்குள் புழு வளரும் பகுதி ஏறத்தாழ 35 பாகை செல்சியசு வெப்பத்தில் இருந்தாகவேண்டும். சென்னையின் சித்திரை வெயிலில் அதனைக் காப்பது எளிதன்று. நீர் கொணர்ந்து அடைகளில் தெளித்துச் சிறகால் விசிறிக் குளிரச் செய்கின்றன.

அந்நீரால் ஒரு வழக்கும் வந்தது. அடுத்த வீட்டு அம்மையார் ஒருநாள் சுவரருகே நின்று, "ஐயா, உங்கள் தேனீக்கள் எங்கள் குழாயடியை விட்டுப் போவதில்லை. பாத்திரம் துலக்க வருகிறவள் அஞ்சுகிறாள்" என்றார். குற்றம் தேனீயுடையதன்று, என்னுடையதே. கிண்ண நீரை எறும்புக்கு வைத்த நான், குடிநீரைத் தேனீக்கு வைக்கவில்லை. அன்றே ஓர் அகன்ற மண்தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி, அவை பாதி மூழ்குமாறு நீர் ஊற்றிப் பந்தலடியில் வைத்தேன். கல்லின்மேல் நின்று குடித்தால் தேனீ நீரில் விழாது. குழாயடியை மறக்க அவற்றிற்கு ஒரு வாரம் ஆயிற்று.

பெயர்த்தியின் கேள்விக்கும் விடை கிடைத்தது. மலரில் இருப்பது நீர்த்த இனிப்பு. அதில் பெரும்பகுதி நீரே. தேனீ அதனைத் தன் வயிற்றிலுள்ள ஒரு தனிப்பையில் ஏந்தி வருகிறது. அதனோடு கலக்கும் நொதி அவ்வினிப்பின் தன்மையை மாற்றுகிறது. கூட்டிற்குள் ஒன்றின் வாயிலிருந்து மற்றொன்றின் வாய்க்கு மாறி மாறிச் சென்றபின் அறைகளில் இடப்படுகிறது. இரவெல்லாம் சிறகால் விசிறி நீரை வற்றச் செய்கின்றன. நீர் ஐந்தில் ஒரு பங்கு அளவிற்குக் குறைந்ததும் மெழுகால் மூடி முத்திரையிடுகின்றன. அதன்பின்னரே அது தேன். "அப்படியானால் நீங்கள் சொன்னது பாதிதான் சரி, தாத்தா" என்றாள். பாதி மதிப்பெண் கிடைத்ததே என்று மகிழ்ந்தேன்.

ஆடும் தேனீயையும் அவளே முதலில் கண்டாள். நான் சட்டத்தைத் தூக்கிப் பிடித்திருந்தபோது, ஒரு தேனீ உடலை அதிரச் செய்தவாறு நேர்கோட்டில் ஓடியும், பின் வளைந்து திரும்பியும், மீண்டும் அதே கோட்டில் ஓடியும் ஆடியது. ஆஸ்திரிய நாட்டு அறிஞர் கார்ல் வான் ஃபிரிஷ் இவ்வாட்டத்தின் பொருளை உணர்ந்தவர். 1973 இல் நோபல் பரிசு பெற்றவர். செங்குத்துக் கோட்டிலிருந்து ஆட்டக்கோடு எவ்வளவு சாய்ந்துள்ளதோ, கதிரவன் இருக்கும் திசையிலிருந்து அவ்வளவு சாய்வில் பூ இருக்கிறது. அதிர்ந்தோடும் நேரம் நீளுந்தோறும் தொலைவு மிகும். எழுத்தில்லாத ஒரு மொழி! இலக்கணம் கற்பித்தவன் ஆதலால் நெடுநேரம் சட்டத்தைக் கீழே வைக்க மனமில்லாமல் நின்றேன்.

சித்திரை இறுதியில் குமரி நண்பர் வந்தார். வெந்நீரில் தோய்த்த கத்தியால் மெழுகு மூடியைச் சீவி, அடைகளைச் சுழல் கருவியில் இட்டுச் சுற்றினார். தேன் தனியே வழிந்தது. அடைகள் சிதையாமல் மீண்டன. ஒன்றரைக் கிலோ தேன். வேப்பம்பூவின் மெல்லிய கைப்பு அதில் இருந்தது. சிறு புட்டிகளில் இட்டுத் தெரு முழுவதும் கொடுத்தோம். அடுத்த வீட்டிற்கு இரண்டு புட்டிகள்.

புகழ் கெடுதல் செய்யும். ஆடி மாதத்தில் உறவினர் சிலர் தேன் வேண்டும் என்றனர். தேன் அறையில் எஞ்சியிருந்ததையும், அதனோடு நில்லாமல் புழு அறை அடைகளின் மேற்பகுதியில் தேனீக்கள் தமக்கென்று வைத்திருந்ததையும் எடுத்துக் கொடுத்தேன். ஐப்பசி பிறந்தது. வடகிழக்குப் பருவமழை சென்னைக்கு எப்படி வரும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நாள்கணக்கில் ஒரு தேனீயும் வெளிச்செல்ல இயலவில்லை. சுவரில் ஒட்டிய தாளில் மூன்றாம் கட்டளை இருந்தது. நான் அதனை ஏற்கவில்லை. தேனீக்குச் சர்க்கரை ஊட்டுதல் பொய்த்தேன் செய்வார் தொழில் என்பது என் எண்ணம். என் மாடியில் அப்பொய் நிகழாது என்று வீட்டாரிடம் பெருமையாகவும் சொன்னேன்.

மழைக்கிடையே ஒருநாள் பார்த்தபோது வாயிலில் காவல் குறைந்திருந்தது. பின்னொரு நாள் அடிப்பலகையில் கருந்துகள்கள் சிதறிக் கிடந்தன. என்ன என்று எனக்குத் தெரியவில்லை. கார்த்திகையில் வானம் வெளுத்த ஒரு காலை, பத்து மணி அளவில், பெட்டியிலிருந்து பேரொலி எழுந்தது. மாடிக்கு ஓடினேன். தேனீக்கள் வாயிலிலிருந்து நீர் பெருகுவதுபோல் வெளிவந்து, பந்தலுக்குமேல் சுழன்று, ஒரு புகைத்திரளாகத் திரண்டு, தென்னைகளைக் கடந்து மேற்கே சென்றன. சில நிமிடங்களில் ஓசையும் இல்லை. மூடியைத் திறந்தேன். அடைகளில் ஒரு துளித் தேன் இல்லை. நடு அடைகளில் மெழுகு அந்துப்பூச்சியின் புழுக்கள் வெண்ணூல் பின்னிக் குடைந்திருந்தன. மகரந்தமும் இல்லை; முட்டையும் இல்லை. மூடாத அறை ஒன்றில் இளம்புழு ஒன்று காய்ந்திருந்தது. பெயர்த்தி பள்ளியிலிருந்து வந்து கேட்டபோது, "போய்விட்டன" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குமரி நண்பரிடம் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். அவர் சினந்துகொள்ளவில்லை. "ஐயா, பாகு வைப்பது நாம் தேன் எடுப்பதற்காக அன்று, எடுத்ததற்கு ஈடாக. மழைக்காலத்தில் தேன் அறையையே கழற்றி வைத்துவிடுவோம்; பாகு நம் புட்டிக்கு வர வழியில்லை" என்றார். இவ்வளவு எளிய ஒன்றை நான் கேட்டுத் தெளியாமல் இருந்தேன். பின்பு தம் குடும்பத்துக் கதையைச் சொன்னார். 1991, 1992 ஆம் ஆண்டுகளில் தாய்சாக் புரூட் என்னும் நச்சுயிரி நோய் தென்னாடெங்கும் பரவியது. புழுக்கள் நீர் நிறைந்த பைகளைப்போல் ஆகி மடிந்தன. குமரி மாவட்டத்தில் பெரும்பாலான பெட்டிகள் காலியாயின. அவருடைய தந்தையார் காலிப் பெட்டிகளைத் திண்ணையில் அடுக்கிவைத்து, விற்கவும் மனமின்றி, எரிக்கவும் மனமின்றி, ஆண்டுகள் சில காத்திருந்தாராம். நோயைத் தாங்கி எஞ்சிய குடிகளைக் காட்டுப் பொந்துகளில் தேடிப் பிடித்து மீண்டும் தொடங்கினார்களாம். "உங்கள் பெட்டியையும் அடுக்கி வையுங்கள், ஐயா" என்றார்.

வெயிலில் காயவைத்து, அந்துப்பூச்சி அரித்த அடைகளை அறுத்தெறிந்து, அவ்வாறே வைத்தேன்.

மாசி மாதத்தில் அடுத்த வீட்டு அம்மையார் சுவரருகே வந்தார். அவர்கள் வாயிலிலிருந்த பயன்படாத மின்அளவிப் பெட்டிக்குள் ஒரு தேனீக் கூட்டம் குடியேறியிருந்தது. மருந்தடித்துக் கொல்ல ஆள் வரச் சொல்லியிருந்தார்கள். "ஆனாலும் உங்களிடம் ஒரு சொல் கேட்டுவிடலாம் என்று வந்தேன், ஐயா" என்றார். அவை என் தேனீக்களோ, வேறு எவையோ, யான் அறியேன். மின்பணியாளரைக் கொண்டு அப்பெட்டியில் மின்னோட்டம் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டோம். மறுநாள் குமரி நண்பர் வந்தார். அந்திப்பொழுதில் மெல்லிய புகை காட்டி, அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து, புழு உள்ள பகுதியைச் சட்டங்களில் பொருத்தி வாழைநாரால் கட்டினோம். இராணித்தேனீயைக் கண்டெடுத்தவள் என் பெயர்த்தி. முகவலைக்குள்ளிருந்து, "நீண்ட வயிறு, தாத்தா! அதோ!" என்று கூவினாள். இராணி பெட்டிக்குள் சென்றதும், ஏனையவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாய் நடந்து உள்ளே போயின. சில நாள்களில் அடைகளைச் சட்டத்தோடு தாமே ஒட்டவைத்து, வாழைநாரைக் கடித்துத் துணுக்குத் துணுக்காக வெளியே தள்ளின.

அவ்வாண்டு ஆடியில் உறவினர் கேட்டனர், இல்லை என்றேன். ஐப்பசியில் தேன் அறையைக் கழற்றினேன். சர்க்கரையும் நீரும் சம அளவாகக் கலந்து காய்ச்சி ஆற்றிய பாகை ஒரு சிறு கிண்ணத்தில் ஊற்றி, மூழ்காதிருக்கச் சில குச்சிகளை மிதக்கவிட்டு, மாலைதோறும் உள்ளே வைத்தேன். பகலில் வைத்தால் அயல்கூட்டுத் தேனீக்கள் கொள்ளையிட வரும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அடிப்பலகையைத் துடைத்து, அந்துப்பூச்சியின் முட்டை தங்கவிடாமல் காத்தேன். மழை விட்ட இடைவேளைகளில் முக்காலியில் அமர்ந்து எண்ணுவது பெயர்த்தியின் வேலை. மகரந்தத்தோடு ஐந்து நிமிடத்தில் எத்தனை தேனீ வருகின்றன என்பதை ஒரு கணக்கு நோட்டில் குறிப்பாள். கார்த்திகை முழுவதும் அந்நோட்டில் சுழியும் ஒன்றும் இரண்டுமே இருந்தன. மார்கழி இருபதாம் நாள் ஒன்பது என்று எழுதி, அடியில் இரண்டு கோடு கிழித்திருந்தாள்.

வைகாசியில் தேன் அறையில் ஆறு அடைகள் முத்திரையிட்டு நிரம்பியிருந்தன. மூன்றை எடுத்தோம். புழு அறையைத் தொடவில்லை. அடுத்த வீட்டு அம்மையார் தம் மாடியிலும் ஒரு மண்தட்டில் கூழாங்கல் இட்டு நீர் வைத்திருக்கிறார்; மாலையில் எங்கள் தேனீக்கள் அங்கேதான் குடிக்கச் செல்கின்றன.